பாடலா, தொடரா, மெதுவான செய்தியா: விருப்பத்துக்காக அயல்மொழி கற்பவர் எதற்கு நேரம் ஒதுக்குவது?

விருப்பத்துக்காக மட்டுமே ஓர் அயல்மொழியைக் கற்க நினைப்பவருக்கு வகுப்பும் கிடையாது, தேர்வுத் தேதியும் கிடையாது. நாள்தோறும் கிடைக்கும் அரை மணி நேரத்தை எதில் செலவிடுவது என்பதை அவரேதான் தீர்மானிக்க வேண்டும். அவர் முன் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, அந்த மொழியின் பாடல்களைக் கேட்டும் பாடியும் பழகுவது. இரண்டாவது, நாடகத் தொடர்களையும் திரைப்படங்களையும் பார்ப்பது. மூன்றாவது, கற்போருக்கென்றே எளிமையாகவோ மெதுவாகவோ தயாரிக்கப்படும் வானொலிச் செய்திகளையும் பாட்காஸ்ட்களையும் கேட்பது. மூன்றையும் கலந்து செய்யலாம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் நேரம் குறைவாக இருக்கும்போது ஒன்றுக்குத்தான் பெரும்பங்கு கொடுக்க முடியும் என்பதால், எதற்குக் கொடுப்பது என்ற கேள்வி எஞ்சியே நிற்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வோர் ஊடகமும் மொழியின் ஒரு பகுதியைத் துலக்கமாகக் காட்டுகிறது. இன்னொரு பகுதியை மறைத்துவிடுகிறது. நாம் தேர்ந்தெடுத்த மொழிக்கு எந்தப் பகுதி உயிர்நாடியோ, அதை மறைக்காத ஊடகத்தையே முதன்மையாகக் கொள்ள வேண்டும். சீனம் கற்பவருக்குப் பொருந்தும் அறிவுரை ஸ்பானியம் கற்பவருக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

நேரக் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். அமெரிக்க அரசு தன் தூதரக அலுவலர்களுக்கு மொழி கற்பிக்க நடத்தும் பயிற்சி நிறுவனம், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் ஸ்பானியம், பிரெஞ்சு போன்ற மொழிகளில் தொழில்முறைத் தேர்ச்சி பெற ஏறத்தாழ 600 முதல் 750 வகுப்பு மணி நேரமும், ஜப்பானியம், கொரியம், சீனம், அரபு ஆகியவற்றில் அதே தேர்ச்சி பெற ஏறத்தாழ 2,200 மணி நேரமும் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறது. வினைமுற்றை வாக்கியத்தின் கடைசியில் வைக்கும் ஜப்பானியமும் கொரியமும் தமிழ் அறிந்தவருக்கு அந்த அளவு அந்நியமாகத் தோன்றமாட்டா என்றாலும், நாளுக்கு அரை மணி என்பது ஆண்டுக்குச் சுமார் 180 மணி நேரம்தான். எப்படிப் பார்த்தாலும் இது ஆண்டுக்கணக்கில் நீளும் வேலை. ஆகவே ‘எனக்கு எது பிடித்திருக்கிறது’ என்ற கேள்வியை யாரும் அற்பமாக நினைக்க வேண்டாம். சிறந்த வழி என்று பிறர் சொன்னதைச் சலித்துப்போய் மூன்றாம் மாதத்தில் கைவிடுவதைக் காட்டிலும், சில குறைகள் கொண்ட, மனத்துக்கு இனிய வழியில் ஐந்தாண்டுகள் நிலைத்திருப்பவரே மொழியைக் கைவரப் பெறுகிறார்.

முதலில் பாடலை எடுத்துக்கொள்வோம். ஒரே ஐந்து நிமிடத்தைச் சலிப்பில்லாமல் ஐம்பது முறை கேட்க வைக்கும் ஆற்றல் வேறு எந்த ஊடகத்துக்கும் கிடையாது. மொழி கற்பதில் மிகக் கடினமான வேலை, ஒரே தொடரைத் திரும்பத் திரும்ப வாயால் சொல்லிப் பழகுவது. பாடல் அந்த வேலையை நாம் அறியாமலே செய்ய வைத்துவிடுகிறது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், ஹங்கேரிய மொழி அறியாத 60 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து, சிறு சிறு ஹங்கேரியத் தொடர்களைக் கேட்டுச் சொல்லவைத்தார்கள். ஒரு குழு பேச்சாகவும், இன்னொரு குழு தாளத்தோடு கூடிய பேச்சாகவும், மூன்றாவது குழு பாட்டாகவும் அவற்றைப் பயின்றன. பின்னர் அந்தத் தொடர்களை நினைவிலிருந்து ஹங்கேரிய மொழியில் சொல்வதில் பாடிப் பழகியவர்களே முன்னணியில் நின்றார்கள். ஆனால் அங்கே அவர்கள் பாடியவை கற்பதற்கென்று மெட்டமைத்த குறுந்தொடர்கள். இசைத்தட்டில் வரும் முழுப் பாடல் அப்படிப்பட்டதன்று என்பதையும், காதால் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது வாய்விட்டுப் பாடுவதற்கு ஈடாகாது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பாடல் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பது மொழிக்கு மொழி மாறுவதைப் பார்க்கும்போதுதான் விஷயம் சுவையாகிறது. ஸ்பானியத்தில் ஒரு சொல் உயிரொலியில் முடிந்து அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் இரண்டும் ஓரசையாகக் கலந்துவிடும். ‘மி’, ‘அமோர்’ என்று தனித்தனியே எழுதப்படும் இரு சொற்கள் பேச்சில் ‘ம்யமோர்’ என்று இரண்டே அசைகளாக ஒலிக்கின்றன. பாடலிலும் அப்படியே இரண்டு சுரங்களில் அடங்கிவிடுகின்றன. புணர்ச்சி விதிகளைப் படித்து வளர்ந்த தமிழருக்கு இது புதிதன்று. எழுத்தைப் பார்த்து வாசித்தால் பிடிபடாத இந்தக் கலப்பைப் பாடல் மிகத் தெளிவாகக் கற்றுத்தருகிறது. ஜப்பானியத்திலும் பாடல் நல்ல ஆசிரியர்தான். செய்தித்தாளைக் குறிக்கும் ‘ஷின்புன்’ என்ற சொல் நம் காதுக்கு இரண்டு அசையாகப் படும். ஜப்பானியருக்கு அது ‘ஷி, ன், பு, ன்’ என்று நான்கு மாத்திரை. பாடலில் பெரும்பாலும் ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு சுரம் கிடைப்பதால், பேச்சில் தவறவிடும் அந்த ‘ன்’ எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது பாடலில்தான் முதன்முதலில் உறைக்கும்.

பிரெஞ்சில் நிலைமை அவ்வளவு நேரானதன்று. அன்றாடப் பேச்சில் சொல்லின் கடைசியில் உள்ள வலுவற்ற ‘எ’ ஒலியை விழுங்கிவிடுவார்கள். மரபான பாடல்முறையிலோ அதற்கும் ஒரு சுரம் உண்டு. ‘சிறியவள்’ என்னும் பொருளுள்ள சொல் பேச்சில் ‘ப்தீத்’ என்று ஓரசையாகச் சுருங்கும். பாடலில் ‘பெ-தி-தெ’ என்று மூன்றாக விரியக்கூடும். பாடலால் மட்டுமே பிரெஞ்சு கற்றவர் பேசத் தொடங்கினால் தேவையற்ற அசைகள் வந்து ஒட்டிக்கொள்ளும். இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு பாடினால் இழப்பில்லை. இப்படி விரித்துப் பாடுவதால் ஒவ்வொரு சொல்லின் முழு வடிவமும் காதில் விழுகிறது என்பது தனி ஆதாயம்.

மாண்டரின் சீனத்தில் இழப்பு உண்மையிலேயே பெரிது. அந்த மொழியில் வாங்குவதும் விற்பதும் ‘மாய்’ என்ற ஒரே ஒலிதான். தொனி தாழ்ந்து நின்றால் வாங்குதல், உயரத்திலிருந்து சட்டென இறங்கினால் விற்றல். பாடலாக்கும்போது மெட்டு எங்கே ஏறுகிறதோ அங்கே குரலும் ஏறும். சொல்லின் தொனி கரைந்துவிடும். சீனர்கள் சூழலை வைத்தும் அருகிலுள்ள சொற்களை வைத்தும் பொருளை உணர்ந்துகொள்கிறார்கள். புதிதாகக் கற்பவரிடம் அந்தத் துணை எதுவும் இல்லை. ஹாங்காங்கில் பேசப்படும் சீனமான காண்டனீஸின் பாடல்களில் கதை வேறு. அங்கே பாடலாசிரியர் சொற்களின் தொனி ஏற்ற இறக்கத்தை மெட்டின் ஏற்ற இறக்கத்தோடு பொருத்தித்தான் எழுதுகிறார். பொருந்தாவிட்டால் கேட்பவருக்கு வேறு சொல்லாகக் கேட்டுவிடும். எனவே மாண்டரின் கற்பவர் பாடலைச் சொற்களஞ்சியத்துக்கும் மகிழ்ச்சிக்கும் வைத்துக்கொண்டு, தொனிப் பயிற்சியைப் பேச்சிலிருந்தே பெற வேண்டும். இதில் சமரசம் செய்துகொள்ள எனக்கு மனமில்லை. தொடக்கத்தில் தவறிய தொனியைப் பிறகு திருத்துவது மிகுந்த உழைப்பைக் கேட்கும் வேலை.

ஒலி ஒருபுறமிருக்க, பாடலின் இலக்கணமும் குறுகியது. நானும் நீயும் மாறி மாறி வருவார்கள். அவரும் அவர்களும் அரிதாகவே தலைகாட்டுவார்கள். யார், எப்போது, எங்கே என்ற விவரங்கள் மங்கலாக இருக்கும். எதுகைக்காகச் சொற்கள் இடம் மாறியிருக்கும். ஒரு மொழியில் வழி கேட்கவோ நடந்ததைக் கோவையாகச் சொல்லவோ பாடலிலிருந்து கற்றுக்கொள்வது கடினம்.

அந்தக் குறையை நிரப்புவது தொடர். ஒருவர் பேச, இன்னொருவர் இடைமறிக்க, மூன்றாமவர் முகத்தைச் சுளிக்க, மொழி மனிதர்களுக்கிடையே என்ன செய்கிறது என்பதை அங்கேதான் காண முடிகிறது. கொரிய மொழியை எண்ணிப்பாருங்கள். ‘போகிறாயா?’ என்ற கேள்வியை நண்பனிடம் ‘கா?’ என்று கேட்டுவிடலாம். மரியாதை காட்ட வேண்டியவரிடம் ‘காசேயோ?’ என்று கேட்க வேண்டும். முறைமை மிகுந்த இடங்களில் ‘காஷிம்னிக்கா?’ என்று வரும். இந்த விகுதிகளை அட்டவணையாகப் புத்தகத்தில் படித்துவிடலாம். ஆனால் யார் யாரிடம் எதைச் சொன்னால் பொருந்தும், எதைச் சொன்னால் அவமதிப்பாகும் என்பதைத் தொடர்தான் காட்டும். இரண்டு கதாபாத்திரங்கள் இனி மரியாதை விகுதியை விட்டுவிட்டுப் பேசலாம் என்று உடன்படும் காட்சி கொரியத் தொடர்களில் அடிக்கடி வரும். அவர்கள் உறவு நெருங்கிவிட்டது என்பதற்கு அதுவே அறிகுறி. நீ, நீங்கள் என்ற வேறுபாட்டில் ஊறிய தமிழருக்கு அந்தக் காட்சியின் எடை உடனே புரியும். ஆங்கில சப்டைட்டிலை மட்டும் படிப்பவருக்கோ அங்கே ஏதோ நடந்ததே தெரியாமல் போய்விடலாம்.

தொடரும் மறைக்கும் இடம் ஒன்று உண்டு. ஜப்பானிய அசைபடமான அனிமேயில் வீரன் தன்னை ‘ஒரே’ என்றும் எதிரில் இருப்பவரை ‘ஒமாஎ’ என்றும் சொல்வான். முதிய அறிஞர் தன்னை ‘வாஷி’ என்று சொல்லி, வாக்கியத்தை ‘ஜா’ என்று முடிப்பார். இவை கதாபாத்திரத்தின் வயதையும் குணத்தையும் காட்டுவதற்காகப் புனைகதையில் நிலைபெற்ற பேச்சு நடைகள். நிஜ ஜப்பானில் முதியவர்கள் எல்லாரும் அப்படிப் பேசுவதில்லை. மொழியியலாளர் கின்சுயி சதோஷி இதற்கு ‘யாகுவாரிகோ’, அதாவது பாத்திர மொழி என்று பெயரிட்டு, 2003-இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். சாகசக் கதையின் நாயகனைப் பின்பற்றிப் புதியவர் ஒருவரிடம் ‘ஒமாஎ’ என்றால் அது சண்டைக்கு அழைப்பது போலாகும். ஆகவே ஜப்பானியம் கற்பவர் பள்ளி, அலுவலகம், குடும்பம் ஆகியவற்றைக் களமாகக் கொண்ட தொடர்களை முதலில் எடுப்பது நல்லது. இதே காரணத்தால் கொரிய வரலாற்றுத் தொடர்களையும் துருக்கிய ஒட்டோமான் காலத் தொடர்களையும் பின்னால் வைத்துக்கொள்ளலாம்.

தொடரின் பெரிய தடை சொற்களின் அளவு. ஆங்கிலத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை ஆராய்ந்த ஸ்டூவர்ட் வெப், மைக்கேல் ராட்ஜர்ஸ் ஆகியோர், அவற்றில் வரும் சொற்களில் 95 விழுக்காட்டை அறிந்திருக்க, ஆள், இடம் போன்றவற்றின் சிறப்புப் பெயர்களோடு ஏறத்தாழ 3,000 சொற்குடும்பங்களும் தெரிந்திருக்க வேண்டும் என்று 2009-இல் காட்டினார்கள். ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து கிளைத்தவையும் சேர்ந்தது ஒரு சொற்குடும்பம். பிற மொழிகளில் எண் மாறலாம். ஆனால் இருநூறு சொற்களோடு தொடரைப் பார்க்க உட்கார்ந்தால் நாம் பார்ப்பது கதையை மட்டுமே என்பது எந்த மொழிக்கும் பொருந்தும்.

இங்கேதான் சப்டைட்டில் பற்றிய முடிவு வருகிறது. என் பார்வையில் எந்தத் தொடரைப் பார்ப்பது என்பதைவிட இதுவே முக்கியம். நெதர்லாந்தில் ஹோல்கர் மிட்டரர், ஜேம்ஸ் மெக்குவீன் ஆகிய இருவரும் டச்சு மொழியினருக்குப் பழக்கமில்லாத ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய உச்சரிப்புகளில் ஆங்கிலக் காட்சிகளைக் காட்டினார்கள். ஆங்கிலம் பேசும்போதே ஆங்கில எழுத்தையும் பார்த்தவர்கள், பின்னர் அதே உச்சரிப்பில் புதிய வாக்கியங்களையும் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். டச்சு சப்டைட்டிலோடு பார்த்தவர்களுக்கு, புதிய வாக்கியங்களைக் கேட்டறிவதில் அது பின்னடைவையே தந்தது. தாய்மொழியைப் படித்துக்கொண்டே அயல்மொழியைக் கேட்டால் காது வேலை செய்வதை நிறுத்திக்கொள்கிறது என்பதைப் பலரும் தம் அனுபவத்தில் உணர்ந்திருப்பார்கள்.

ஆனால் தொடக்கநிலையினர் தாய்மொழி சப்டைட்டிலை அறவே ஒதுக்கினால் மகிழ்ச்சியும் போய்விடும். இரண்டையும் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது. அத்தியாயம் முழுவதையும் உங்களுக்குப் புரியும் சப்டைட்டிலோடு கதைக்காகப் பாருங்கள். பிறகு இரண்டு நிமிட உரையாடல் ஒன்றை மட்டும் தேர்ந்துகொண்டு, கற்கும் மொழியின் சப்டைட்டிலோடு மறுபடியும் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி நடிகரின் ஏற்ற இறக்கத்தோடு திருப்பிச் சொல்லுங்கள். கடைசியாக எழுத்தே இல்லாமல் ஒருமுறை கேளுங்கள். இருமொழி சப்டைட்டிலை ஒரே நேரத்தில் காட்டும் உலாவி நீட்சிகளும் உண்டு. அவை ஐயம் தீர்க்க உதவும். எப்போதும் திறந்து வைத்திருந்தால் கண் எளிய வரியைத்தான் தேடிச் செல்லும். இந்த முறைக்குப் பதினாறு அத்தியாயங்களில் முடியும் கொரியத் தொடர் வசதியானது. ஓர் அத்தியாயமே இரண்டு மணி நேரத்தைத் தாண்டும் துருக்கியத் தொடர்களில், முழுவதும் பார்த்துவிட்டுப் பயிற்சிக்கு வருவதற்குள் அன்றைய நேரம் தீர்ந்துவிடும். அங்கே அத்தியாயத்தை மூன்று நான்கு நாள்களுக்குப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும்.

மூன்றாவது வழியான கற்போர் செய்தியைப் பலர் உப்புச்சப்பற்றது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதற்கு உரிய மதிப்பு கிடைப்பதில்லை என்பது என் வருத்தம். பாடலுக்கும் தொடருக்கும் நடுவே உள்ள பள்ளத்தைக் கடக்க இதைவிட உறுதியான பாலம் இல்லை. ஆனால் ‘எளிய செய்தி’ என்ற பெயரில் வருபவை எல்லாம் ஒரே வகையல்ல. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959-இல் தொடங்கிய முறையில் ஏறத்தாழ 1,500 சொற்களுக்குள், சிறு வாக்கியங்களில், மெதுவாகச் செய்தி வாசித்தார்கள். சொல், வாக்கியம், வேகம் மூன்றும் எளிமையாக்கப்பட்டன. ஜெர்மனியின் டாய்ச்ச வெல்லே வழங்கும் மெதுவான செய்தியில் குறைக்கப்படுவது வேகம் மட்டுமே. சொற்களும் நீண்ட வாக்கியங்களும் உண்மையான செய்திக்குரியவை என்பதால், தொடக்கநிலையினர் பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அவர்களுக்கு அதே நிறுவனம் அடிப்படை நிலையிலிருந்து தரும் காணொளித் தொடரே ஏற்றது. பிரான்சின் ஆர்.எஃப்.ஐ. வானொலி நாள்தோறும் தரும் பத்து நிமிட எளிய பிரெஞ்சுச் செய்தி, வேகத்தைக் குறைப்பதைவிட நிகழ்வின் பின்னணியை விளக்குவதில் அக்கறை காட்டுகிறது. ஜப்பானின் என்.எச்.கே. எளிய செய்தியில் வாக்கியங்களை எளிதாக்கி, சீனத்திலிருந்து வந்த காஞ்சி எழுத்துகளின் மேல் உச்சரிப்பையும் அச்சிடுகிறார்கள்.

வேகம் எந்த மொழிக்கு எவ்வளவு தடை என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2011-இல் வெளியான ஓர் ஒப்பீட்டில் ஜப்பானியமும் ஸ்பானியமும் நொடிக்கு ஏறத்தாழ 7.8 அசைகள் ஓட, ஜெர்மன் 6-ஐ ஒட்டியும் மாண்டரின் 5.2 அளவிலும் இருந்தன. மாண்டரினில் ஓரசைக்குள் அடங்கும் செய்தி மிகுதி என்பதால் மொத்தத்தில் மொழிகள் ஒன்றுக்கொன்று அவ்வளவாக வேறுபடுவதில்லை. ஆனால் அசைகளைப் பிரித்தறியத் திணறும் புதியவருக்கு ஸ்பானியமும் ஜப்பானியமும் அருவிபோல் கொட்டும். அவ்விரண்டிலும் முதல் சில மாதங்களுக்கு மெதுவான ஒலி பெரிய துணை.

செய்தி மறைப்பது உரையாடலை. ஒரே குரல், ஒரே நடை, எழுதி வாசிக்கும் வாக்கியம். அரபு மொழியில் இதன் விளைவு மிகப் பெரிது. செய்திகள் பொது எழுத்து அரபில் இருக்கும். பாடல்களும் தொடர்களும் எகிப்திய, சிரிய, லெபனான் வழக்குகளில் இருக்கும். எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள இடைவெளியோடு வாழும் நமக்கு இந்த நிலை விளங்கும். அங்கே அந்த இடைவெளி இன்னும் அகலம். எனவே அரபு கற்பவர் ஊடகத்துக்கு முன்னால் வழக்கைத் தீர்மானிக்க வேண்டும். செய்தித்தாள் படிக்க ஆசையா, எகிப்தியத் திரைப்படத்தைப் புரிந்துகொள்ள ஆசையா என்பதற்கு விடை கிடைத்துவிட்டால், ஊடகம் தானே முடிவாகிவிடும்.

எந்த வழியில் சென்றாலும் பாடல் வரியையோ வசனத்தையோ தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் படிப்பதைத் தொடக்க நாள்களோடு நிறுத்திவிட வேண்டும். விளக்குவதற்காக இக்கட்டுரையில் நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். கற்பதற்கு அது போதாது. கொரியத்தில் நெருப்பு, புல், கொம்பு ஆகிய மூன்றுக்கும் உரிய சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றும் ‘புல்’ என்றே வரும். அங்கே அவை மூன்று வெவ்வேறு மெய்யொலிகள். அவற்றைக் காட்ட நம் எழுத்தில் ஒரே ‘ப’தான் இருக்கிறது. இதற்குத் தீர்வு கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. 1446-இல் மக்களுக்கென வெளியிடப்பட்ட கொரிய எழுத்துமுறையில் இன்று அடிப்படை எழுத்துகள் 24. ஜப்பானிய ஒலியெழுத்தான ஹிரகானாவில் 46. பிடித்த ஒரு பாடலின் வரிகளை விரலால் தொட்டுக்கொண்டே பாடினால் சில வாரங்களில் இவை பழகிவிடும். பயன்பாட்டுப் பட்டியலில் 2,136 எழுத்துகள் கொண்ட காஞ்சிக்கு மட்டும் தனி உழைப்பு வேண்டும்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கையில், ஸ்பானியம் கற்பவர் துணிந்து பாடலில் தொடங்கலாம். பிரெஞ்சுக்குப் பாடலும் எளிய செய்தியும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது திருத்தும். துணைவாக்கியத்தில் வினையைக் கடைசிக்குத் தள்ளும் ஜெர்மனுக்கு, எழுத்து வடிவத்தோடு கிடைக்கும் மெதுவான ஒலி ஏற்றது. கொரியத்துக்கும் துருக்கியத்துக்கும் தொடருக்கே என் வாக்கு. சொல்வரிசை தமிழோடு ஒத்துப்போவதால் அந்த மொழி சப்டைட்டிலைத் தொடர்வது நமக்கு எதிர்பார்ப்பதைவிட எளிது. ஜப்பானியத்துக்குப் பாடலில் தொடங்கி, எளிய செய்தி வழியாக அன்றாட வாழ்வைக் காட்டும் தொடருக்குப் போவேன். மாண்டரினுக்குக் கற்போருக்கான பாட்காஸ்டுக்கே பெரும்பங்கு. நடக்கும்போதும் வீட்டுவேலை செய்யும்போதும் மட்டுமே நேரம் கிடைப்பவருக்குக் கண்ணைக் கேட்கும் தொடர் ஒத்துவராது. அவர் எந்த மொழி கற்றாலும் ஒலியையே நம்ப வேண்டும், தொடரை விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

தேர்ந்தெடுத்த ஊடகத்தை எப்போது மாற்றுவது என்பதையும் முன்கூட்டியே நினைத்து வைத்துக்கொள்வது நல்லது. ஒரு பாடலின் வரிகளை முதல் முறை படிக்கும்போதே பாதிக்குமேல் புரிந்தால், பெரும்பங்கை எளிய செய்திக்கு மாற்றிவிடலாம். எளிய செய்தியை எழுத்து வடிவம் பார்க்காமல் கேட்டு, என்ன நடந்தது என்று தமிழில் இரண்டு வாக்கியம் சொல்ல முடிந்தால், தொடருக்குப் போகும் நேரம் வந்துவிட்டது. தொடரில் இரு நிமிடக் காட்சியை எழுத்தில்லாமல் கேட்கும்போது தெரியாத சொல் ஒன்றிரண்டு மட்டுமே எஞ்சுகிறது என்றால், கற்போருக்கான தயாரிப்புகளைக் கைவிட்டுவிட்டு, அந்த மொழியினர் தமக்காகச் செய்துகொள்ளும் நேர்காணல்களுக்கும் வானொலி உரையாடல்களுக்கும் செல்லலாம்.